முதல் பச்சை குத்துவதற்கு முன் நான் செய்த ஏற்பாடுகள்

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் ஒருவர் முதல்முறையாகப் பச்சை குத்திக்கொள்ள எது நல்ல காலம் என்று கேட்டால், தீபாவளி முடிந்த கையோடு என்று சொல்வேன். தீபாவளிக்குச் சற்று முன்னால் குத்திக்கொண்டால் எண்ணெய்க் குளியலை விட்டுவிட வேண்டும். ஆறாத தோலில் நல்லெண்ணெயும் சீயக்காயும் படக்கூடாது. தைப்பூசத்தை ஒட்டி என்றால், சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, வெயிலிலும் நெரிசலிலும் பொருக்குத் தட்டிய கையோடு நடக்க வேண்டும். பால்குடம், காவடி எடுப்பவர்களுக்கு இன்னும் சிரமம். நான் துணைப்பாட வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கும் நவம்பர் பின்பகுதியிலிருந்துதான் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தி வந்ததால் அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தேன்.

என் தம்பிக்கு இதே கணக்கு வேறு மாதிரி. அவனுக்கு ரிசர்விஸ்ட் என்னும் படைப் பயிற்சிக்கான அழைப்பு எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். காட்டில் சேற்றோடும் வியர்வையோடும் கிடக்கும் வாரத்துக்குச் சற்று முன்பு கையில் புதுப் புண் இருப்பது நல்லதில்லை. டிசம்பரில் ஜப்பான் போகிறவர்கள், அங்குள்ள வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்கள் பலவற்றில் பச்சை குத்தியவர்களை இன்றும் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நீச்சல் வகுப்பு, கடற்கரைச் சுற்றுலா, உறவினர் திருமணத்தில் கை தெரியும் ரவிக்கை, எல்லாவற்றையும் நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் வெறுமையாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். படத்தைத் தேடுவது அதற்கு அப்புறம்.

நாளுக்கு இத்தனை முக்கியத்துவம் கொடுக்கக் காரணம், பச்சை என்பது நாமாகவே கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு காயம். ஊசி மேல்தோலைத் தாண்டி, ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை வைக்கிறது. மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். உள்தோல் அப்படி உதிர்வதில்லை. அங்கே வந்த மைத்துகள்களை உடம்பு வெளியிலிருந்து வந்த பொருளாகப் பார்க்கிறது. நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவந்து அவற்றை விழுங்குகின்றன. அந்தச் செல் இறக்கும்போது வெளியே வரும் மையை அடுத்த செல் விழுங்கி வைத்துக்கொள்கிறது என்று பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. கொஞ்சம் மை நிணநீர்க் கணுக்கள்வரை போய்த் தங்குவதும் உண்டு. இதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாற்காலியில் உட்காரும் சில மணி நேரத்துக்காக நான் தயாராகவில்லை, என் உடம்பு ஆயுளுக்கும் செய்யப்போகும் ஒரு வேலைக்காகத் தயாராகிறேன்.

படம் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில், தாழ்வாரத்து சிமெண்டுத் தரையில், அம்மா வெள்ளிக்கிழமைதோறும் போடும் புள்ளிக் கோலம்தான். ஒரே கோடு வளைந்து வளைந்து எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம். ஊரில் பாட்டியின் முன்கையிலும் புள்ளியும் கோடுமாக ஒரு கோலம் இருந்தது. குறத்தியம்மா குத்திவிட்டது என்பார். மஞ்சளும் அகத்திக்கீரையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புது மண்சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்துவார்கள் என்று நூறு ஆண்டுக்கும் முந்தைய குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய கறுப்பு மையிலும் பெரும்பாலும் அதே கரிதான் இருக்கிறது. கரி கறுப்பாக இருந்தாலும், தோலுக்கு அடியில் இருப்பதைப் பார்க்கும்போது ஒளி சிதறுவதால் நாளாக நாளாக நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. நல்ல மையாக இருந்தாலும் கொஞ்சமாவது இந்த மாற்றம் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்வது நல்லது.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "எங்க குத்திக்கப் போற?" என்பதுதான். மேல்கையில் என்றேன். "கோலம்னா சரிம்மா. சாமி உருவம் மட்டும் வேணாம். நாளைக்கு எந்த நிலமையில இருப்போம்னு தெரியாது." இதை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டேன். முருகனையோ அம்மனையோ உடம்பில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இடத்தை மிகவும் யோசிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே சாமி உருவம் இருப்பதை நம்மில் பலர் அவமரியாதையாகவே பார்க்கிறார்கள். 2015இல் பெங்களூருவில் முழங்காலுக்குக் கீழே எல்லம்மாவைக் குத்தியிருந்த ஆஸ்திரேலியர் ஒருவரைச் சிலர் உணவகத்தில் சூழ்ந்துகொண்டு, விஷயம் காவல் நிலையம்வரை போனது. அவர் பக்தியோடுதான் குத்தியிருந்தார். ஆனாலும் பார்க்கிறவர்களின் மனம் வேறு.

அப்பாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவர் தலைமுறைக்குப் பச்சை என்றாலே ரகசியக் கும்பல். "எங்க காலத்துல கையில டாட்டூ இருந்தா போலீஸ் நிறுத்திச் சட்டையக் கழட்டச் சொல்லும், தெரியுமா?" என்றார். அவர் கண்ணால் பார்த்ததை நான் மறுத்துப் பேசப் போகவில்லை. கோலத்தின் படத்தைக் காட்டினேன், எங்கே வரும் என்று காட்டினேன், எந்தக் கடை என்று சொன்னேன். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம், "ஊசி புதுசான்னு பாத்துக்கோ" என்றார். பெற்றோரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் குத்திக்கொண்டு வந்து காட்டுவதைவிட முன்பே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆறும் நாள்களில் படுக்கை விரிப்பைத் தனியாகத் துவைப்பது முதல் சமையலறையில் உதவி கேட்பதுவரை அவர்கள் தயவு வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஏற்பாடு மருதாணி. லிட்டில் இந்தியாவில் மருதாணி போடும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அம்மா தாளில் வரைந்து கொடுத்த கோலத்தை எடுத்துக்கொண்டு போய், முதலில் முன்கையின் உட்பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மருதாணிச் சிவப்பு ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அந்த நாள்களில் வகுப்புக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றேன். முன்கையில் இருந்தபோது பிள்ளைகள் எழுதுவதை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார்கள். கையைத் திருப்பும்போதெல்லாம் கோலமும் முறுக்கிக்கொண்டு கோணலானது. மங்கிய பிறகு மேல்கையின் வெளிப்பக்கம், தோள் தசை முடியும் இடத்துக்குக் கீழே போட்டுப் பார்த்தேன். அங்கே கையை எப்படித் திருப்பினாலும் வடிவம் அதிகம் மாறவில்லை. ஆனால் சட்டையின் கை விளிம்பு கோலத்தைப் பாதியில் வெட்டியது. இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றினால் முழுவதும் மறையும் என்று தெரிந்தது. காகிதத்தில் எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

மருதாணியில் ஓர் எச்சரிக்கை உண்டு. உண்மையான மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்புக்குப் போகும். போட்ட கொஞ்ச நேரத்திலேயே கன்னங்கரேல் என்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் முடிச்சாயத்தில் பயன்படும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்புளமாக்கும். ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு முடிக்குச் சாயம் போடும்போதும் ஒவ்வாமை திரும்ப வரும். சோதனைக்காகப் போடுகிற மருதாணியில் போய் அதை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஆர்டிஸ்ட். ஸ்காட்ஸ் ரோட்டில் இருக்கும் ஃபார் ஈஸ்ட் பிளாசா பல ஆண்டுகளாக டாட்டூ கடைகளுக்குப் பெயர் போனது. தீவின் மற்ற இடங்களிலும் இப்போது நிறைய இருக்கின்றன. எல்லாருமே அழகான படங்களைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அவை குத்தி முடித்த அன்றே, வெளிர்நிறத் தோலில் எடுத்தவை. நான் கேட்டது இரண்டே விஷயம்: என் நிறத்துத் தோலில் செய்ததைக் காட்டுங்கள், அதிலும் ஆறி ஓராண்டாவது ஆனதைக் காட்டுங்கள். கறுப்பும் மாநிறமுமான தோலில் மை நம் தோலின் நிறத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வெள்ளை, மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு போன்றவை அங்கே சரியாக எடுபடாது. கறுப்புதான் தெளிவாக நிற்கும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெள்ளை மை வைக்காமல் தோலை அப்படியே விட்டுவிடத் தெரிந்தவர்தான் நமக்கு ஏற்றவர். சில ஆர்டிஸ்டுகள் கறுப்புத் தோலில் கோடு தெரியவேண்டும் என்று ஊசியை ஆழமாக அழுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் மை பரவி ஓரம் மங்கும், தழும்பும் வரும். ஆறிய படங்களைப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தவர் ஒரு சீனர். வடிவக் கணிதம் போன்ற கோட்டு வேலைகளே அதிகம் செய்பவர். அம்மாவின் கோலத்தைப் பார்த்ததும், "இது எத்தனை கோடு?" என்று கேட்டார். ஒரே கோடு என்றேன். விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை சுற்றினார். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் அளவில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கேட்டது ஐந்துக்கு ஐந்து புள்ளி, அதுவும் ஒரு சிங்கப்பூர் வெள்ளி நாணயம் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக. தோலில் எந்தக் கோடும் காலப்போக்கில் தடிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடமாவது இல்லாவிட்டால் அவை சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்று அவர் தாளில் போட்டுக் காட்டினார். இரண்டு வழி: பெரிதாக்குவது, அல்லது புள்ளியைக் குறைப்பது. உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு மனம் இல்லை. அம்மாவிடம் போய்க் கேட்டேன். மூன்றுக்கு மூன்று புள்ளியில் அதே வளைவோடு ஒன்று போட்டுக் கொடுத்தார். கணினியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கித் தரட்டுமா என்று ஆர்டிஸ்ட் கேட்டார். கீழ்மூலையில் அம்மாவின் கைவளைவு கொஞ்சம் அகலமாக இருக்கும். அதை அப்படியே விடச் சொன்னேன்.

தமிழ் எழுத்தைக் குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். நான் தமிழ் சொல்லிக்கொடுப்பது தெரிந்ததால், இதைச் சரிபார்த்துத் தாங்க என்று நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் படம் அனுப்புவார்கள். பிழை இல்லாமல் வருவது குறைவு. வடிவமைப்புச் செயலிகள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோத்து வராது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகர உயிர்மெய் பிரிந்து கிடக்கும், புள்ளி ஓடிப்போயிருக்கும். 2017இல் தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் துண்டுப் பிரசுரத்திலேயே தமிழ் வாசகம் இப்படிச் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. அச்சானதைத் திரும்ப அச்சடிக்கலாம். தோலில் அது முடியாது.

அதனால் சொற்களைத் தட்டெழுதி அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம், தனித்தனியாகக் காட்டுங்கள். ரகர றகரம், னகர ணகரம், குறில் நெடில் கொம்பு, நடுவில் வரவேண்டிய ஒற்று என ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 'தாய் பாசம்' என்று எழுதிக் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு நடுவில் 'ப்' வரவேண்டும் என்று சொன்னபோது, அவர் அடுத்த நாளுக்கு முன்பதிவு செய்திருந்தார். நல்லவேளை. எழுத்துருவும் முக்கியம். ண, ஞ, ணு, ழு போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் சிறு இடைவெளிகள், எழுத்தைச் சிறியதாக்கினால் மை பரவி அடைத்துக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரியாத ஆர்டிஸ்ட், குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி எடுக்கும் மாதிரிக் கோடான அச்சை ஊசியால் பின்பற்றுவார், அவ்வளவுதான். அவருக்குப் புள்ளி எது, தூசி எது என்று தெரியாது. அச்சு ஒட்டியதும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நேரில் நின்று படித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியிலும் கைபேசியின் முன்பக்கக் கேமராவிலும் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும் என்பதால், பின்பக்கக் கேமராவில் படம் எடுத்துப் படியுங்கள்.

இப்போது உடம்பு. நம் சமூகத்தில் இதைப் பேசாமல் பச்சை பற்றிப் பேசவே கூடாது என்பேன். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது காயம் மெதுவாக ஆறும், கிருமி எளிதாகத் தொற்றும். என் வயதுக்காரர்கள் பலர் சோதித்துப் பார்த்ததே இல்லை. பலதுறை மருந்தகத்திலோ பக்கத்து மருத்துவரிடமோ ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. நானும் செய்துகொண்டேன்.

ரத்தத்தின் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெப்பட்டைட்டிஸ் பிக்கான தடுப்பூசியையும் பாருங்கள். சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கும், இந்தியாவில் பிறந்து வேலைக்காக இங்கே வந்த பெரியவர்கள் பலருக்கும் போடப்பட்டிருக்காது. மூன்று தவணை, முடிய ஏறக்குறைய ஆறு மாதம். அதனால் இதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.

அடுத்து, தடித்த தழும்பு. கெலாய்டு என்பார்கள். காயம் ஆறிய பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போய் மேடாக நிற்கும். கறுப்புத் தோலில் இது வர வாய்ப்பு அதிகம். நெஞ்சு, தோள், மேல்முதுகு, காதுமடல் ஆகிய இடங்களில் இன்னும் அதிகம். நம்மில் பெரும்பாலோருக்குக் காது குத்தியிருப்பதால் ஒரு தடயம் கையிலேயே இருக்கிறது. காது குத்திய இடம், மூக்குத்தி இடம், அறுவைத் தழும்பு, பரு வந்த தழும்பு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். எங்காவது காயத்தைவிடப் பெரிதாக மேடு கட்டியிருந்தால் தோல் மருத்துவரைக் கேட்காமல் குத்திக்கொள்ள வேண்டாம். என் சித்தி மகளுக்குக் காதுமடலில் அப்படி இருக்கிறது. அவள் ஆசைப்பட்டாலும் விட்டுவிட்டாள், அது சரியான முடிவு. சோரியாசிஸ், வெண்படை இருப்பவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே அது புதிதாகத் தோன்றக்கூடும். மச்சத்தின் மேல் குத்தக்கூடாது, பின்னால் அதில் மாற்றம் வந்தால் மருத்துவரால் பார்க்க முடியாமல் போகும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பொறுத்திருக்கலாம்.

'பிடிக்கவில்லை என்றால் லேசரில் எடுத்துவிடலாம்' என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். கறுப்பு மையைக் கரைக்க லேசர் உதவும் என்பது உண்மை. ஆனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும், குத்திய செலவைவிடப் பல மடங்கு ஆகும். நம் தோலின் நிறமும் லேசரை உறிஞ்சிக்கொள்வதால், மை போன இடம் வெளுத்தோ கறுத்தோ நிற்கும் அபாயம் நமக்கு அதிகம்.

கடையின் சுத்தத்தைப் பற்றி அப்பா சொன்னதுதான் தொடக்கம். ஊசி மூடிய உறையிலிருந்து என் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். உறையில் காலாவதி நாளும் தொகுதி எண்ணும் இருக்கும், படித்துப் பாருங்கள். மையைச் சிறு கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், மீந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றக்கூடாது. சாம்பல் நிறத்துக்காக மையில் குழாய்த் தண்ணீர் கலப்பது ஆபத்து. தண்ணீரில் வாழும் சிலவகை நுண்ணுயிர்கள் அப்படித்தான் தோலுக்குள் போய், மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கின்றன. இயந்திரமும் மின்கம்பியும் மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். கையுறையோடு கைபேசியைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் போன ஒரு கடையில் ஊசி உறையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டேன். நான் தேர்ந்தெடுத்த ஆர்டிஸ்ட் கேட்காமலேயே உறையை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

வலியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மேல்கையின் வெளிப்பக்கம் பொறுத்துக்கொள்ளக்கூடிய இடம். விலா, முழங்கை மடிப்பு, மணிக்கட்டு, பாதம் ஆகியவை கடினம். மரத்துப்போக வைக்கும் களிம்பை இணையத்தில் வாங்கிப் பூசிக்கொண்டு போகாதீர்கள். டாட்டூவுக்கென்று விற்கும் சில களிம்புகளில் லிடோகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து அளவுக்கு மீறி இருப்பதாகவும், அது ரத்தத்தில் கலந்தால் இதயத்துடிப்பைப் பாதிக்கலாம் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரித்தது. வேண்டுமென்றால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, ஆர்டிஸ்டுக்கும் சொல்லிவிட்டுப் பூசுங்கள்.

குத்துவதற்கு முந்தைய நாள் மது வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் காலையில் இட்லி சாப்பிட்டு, மதியம் சோறும் சாப்பிட்டுத்தான் போனேன். முதல்முறை குத்திக்கொள்பவர்களுக்குத் தலைசுற்றல் வருவது பெரும்பாலும் வெறும் வயிறும் பதற்றமும் சேரும்போதுதான். விரதம் இருக்கும் நாளில் போகவே வேண்டாம். வெயிலில் கறுத்த, தோல் உரிந்த கையோடு போனால் பொறுப்பான ஆர்டிஸ்ட் திருப்பி அனுப்பிவிடுவார். தளர்வான, கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அச்சை ஒட்டும்போது உட்கார்ந்திருக்காமல், கையைத் தொங்கவிட்டு இயல்பாக எழுந்து நிற்க வேண்டும். எனக்கு முதலில் ஒட்டியது ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது. சொன்னதும் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். அந்த நேரத்தில் சங்கடப்பட்டு வாய் மூடியிருக்கக் கூடாது.

ஆறும் காலத்துக்கான பொருள்களை முன்பே வாங்கி வைத்தேன். வாசனை இல்லாத சோப்பு, வாசனை இல்லாத ஈரப்பதக் களிம்பு, சுத்தமான பருத்தித் துணிகள், பழைய படுக்கை விரிப்பு. டாட்டூவின் மேல் சில நாள் ஒட்டியிருக்கும் மெல்லிய மருத்துவப் படலத்தையும் ஒரு துண்டு வாங்கி, முதலில் வெறும் கையில் ஒட்டி ஒரு நாள் பார்த்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் படலத்துக்கு அடியில் வியர்வை தேங்கும், சிலருக்குப் பசையே அரிப்பைத் தரும். எனக்கு ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மெல்லக் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மிகக் கொஞ்சமாகப் பூசினால் போதும். மஞ்சள் பூசு, தேங்காய் எண்ணெய் தடவு, சந்தனம் வை என்று அன்போடு சொல்பவர்கள் நிறைய பேர் வருவார்கள். எதையும் வைக்காதீர்கள். குளம், கடல், ஜிம் இருக்கைகள் எல்லாம் சில வாரம் வேண்டாம். நண்பகல் வெயிலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. ஆறும்வரை துணியால் மூடுங்கள், ஆறிய பிறகு சூரியத் தடுப்புக் களிம்பு பூசுங்கள்.

முதல் சில நாள் கை கொஞ்சம் சூடாக, வெயில் பட்டதுபோல எரியும். கொஞ்சம் நீரும் மையும் கசியும். அப்புறம் தோல் உரிந்து அரிக்கும், சொறியக்கூடாது. இவை இயல்பு. இயல்பில்லாததை நம் தோலில் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். தொற்றின் அறிகுறியாகச் சொல்லப்படும் சிவப்பு, கறுத்த தோலில் தெளிவாகத் தெரியாது. ஊதா கலந்தோ வெறும் கருமையாகவோ தெரியலாம். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையால் தொட்டுப் பாருங்கள். நாள் போகப் போக சூடும் வலியும் குறைய வேண்டும். அதிகமானால், வீக்கம் கோட்டைத் தாண்டி விரிந்தால், சீழ் வைத்தால், அக்குளில் நெறிகட்டினால், காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள், எந்த நாளில் குத்தியது என்றும் சொல்லுங்கள். உரிவதைப் பற்றியும் மங்கிய புள்ளியைப் பற்றியும் ஆர்டிஸ்டுக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம். எனக்கும் நடுப்புள்ளி கொஞ்சம் மங்கியிருந்தது, அவர் ஆறிய பிறகு கட்டணம் இல்லாமல் திருத்திக் கொடுத்தார். ஆனால் காய்ச்சலுக்கும் சீழுக்கும் அவரிடம் பதில் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.